ஈரமான முடிச்சு

நாலரை மணிக்கு ஜெம்பட்டா வீதியில்
பாண் வேகும் வாசம் மட்டும் விழித்திருக்கும்.
பேக்கரிப் பையன் போன வருடம் கேட்டான்,
"அக்கா, யார் துரத்துறாங்க?"
இன்னும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

டிசம்பர்.
கொழும்புக்குக் குளிர்காலம் என்றால்
காக்கைதீவுப் பக்கமிருந்து கொஞ்சம் காற்று,
இரண்டு நாள் மழை,
பால்கனிக் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் நட்சத்திரம்.
ஜனவரியில் எனக்கு மலையோட்டம்.
ஏறிப் பழக இந்த ஊரில் மலை ஏது?
ஃபிளாட்டின் பதின்மூன்று மாடியையும்
ஒன்பது தடவை ஏறி இறங்குகிறேன்.
ஏழாம் மாடி நாய் இப்போதெல்லாம் குரைப்பதில்லை.

ரெஜிஸ் அண்ணனோடு
ஆறு வருடமாகப் பேச்சில்லை.
அம்மா விட்டுப்போன இரண்டரை பேர்ச் காணி,
ஒரு உறுதி, இரண்டு லோயர்.
பூசையில் அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம்.
சமாதானம் சொல்லும் நேரம் வந்தால்
சட்டென்று பின்வரிசைக்குத் திரும்பி
முன்பின் தெரியாத யாருக்காவது கும்பிடு போடுவேன்.

திருவருகைக்காலத்து இரண்டாம் ஞாயிறு.
ஆண்டவருக்குப் பாதையை நேராக்கச் சொல்லி
பாதர் எமிலின் பிரசங்கம்.
என்னைவிடப் பத்து வயது சின்னவர்,
மலை ஏறியிருக்க மாட்டார்.
வாசலில் பிடித்துக்கொண்டு சொன்னேன்:
மலையில் நேர்ப்பாதை ஒன்று உண்டு பாதர்,
அது விழுகிறவர்கள் போகிற பாதை.
மற்றவர்கள் வளைந்து வளைந்துதான் ஏறுகிறோம்.
அவர் தலையைச் சொறிந்தார்.
"அப்ப வளைஞ்சாவது போங்க" என்றார்,
குடையைத் தேடிக்கொண்டே.

போன ஜனவரி,
நுவரெலியாவுக்கு மேலே,
புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் உறைபனி.
நெற்றி விளக்கின் வெளிச்சத்தில்
என் மூச்சு எனக்கு முன்னால் போனது.
செபமாலை சொல்லப் பார்த்தேன்.
விரலுக்கு மணி தட்டுப்படவில்லை.
வாயில் வந்ததெல்லாம் இரண்டரை பேர்ச்,
ஏற்றத்துக்கு ஒருதரம்,
இறக்கத்துக்கு ஒருதரம்,
அண்ணனைக் கேட்கவேண்டிய கேள்விகள்
அடுக்கி வைத்த ஒழுங்கு குலையாமல்.

அப்போது சப்பாத்து நாடா அவிழ்ந்தது.
குனிந்தேன். பத்து விரலும் மரக்கட்டை.
பின்னால் வந்த ஒருவன்
சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்து
சேற்றில் ஒரு முழங்காலை ஊன்றி
என் காலைத் தூக்கித் தன் தொடையில் வைத்து
இரட்டை முடிச்சுப் போட்டான்.
அவனுடைய நேரம் ஓடிக்கொண்டிருந்தது.
குனிந்த அவன் தலையிலிருந்து ஆவி பறந்தது.
எழுந்தான், போய்விட்டான்.
பெயர் கேட்கவில்லை.

பெரிய வியாழனில்
பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவதை
எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன்.
தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும்.
கால்கள் வீட்டிலேயே கழுவி வந்தவை.

இன்று மாடி ஏறவில்லை.
புளூமெண்டால் வீதி, ரயில் பாதை,
லொறிகள் உறங்கும் வரிசை, மழை.
கால் போன போக்கில் போனேன் என்று
பொய் சொல்லமாட்டேன்.
போகிற இடம் காலுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மட்டக்குளி. அதே பச்சைக் கதவு.
வாசலில் குடில் கட்ட ஒரு பை வைக்கோல்,
அண்ணனின் பாட்டா செருப்பு,
ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, அப்பாவுடையதைப்போல.
மணியை அழுத்தவில்லை.
முதலில் சப்பாத்தைக் கழற்றுவோம் என்று குந்தினேன்.
மழையில் ஊறிய இரட்டை முடிச்சு.
இழுக்க இழுக்க இறுகியது.

கதவு திறந்தது.
சாரம், வாயில் பல்துலக்கி,
நரைத்துப்போயிருந்தார்.
என்னைப் பார்க்கவில்லை, முடிச்சைப் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
"நனைஞ்சா அவிழாது" என்றார்.
பிறகு,
"சப்பாத்தோடயே வா."

அண்ணி அப்போதுதான் துடைத்த தரை,
மின்னியது.
எரிகிற செடிக்கு முன்னால்
மோசே கழற்றினார்.
நான் கழற்றவில்லை.
நாலு சேற்றுத் தடம் எடுத்துவைத்து
நாற்காலியில் உட்கார்ந்தேன்.
உள்ளே கேத்தல் சீறத் தொடங்கியது.
உறுதியைப் பற்றி யாரும் பேசவில்லை,
இதுவரை.